தன்மதிப்புக் குறைவு: அறிகுறிகளை எங்கே தேடுவது?

தன்மதிப்புக் குறைவின் அறிகுறிகள் என்று கைப்பேசித் திரைகளில் சுற்றிவரும் பட்டியல்கள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. அதிகம் பேசமாட்டார்கள், முகம் பார்த்துப் பேசத் தயங்குவார்கள், எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்பார்கள், பிறரோடு தம்மை ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள் என்று அவை நீள்கின்றன. படிக்கும் எவரும் பத்துக் குறிகளில் ஐந்தாறையாவது தமக்குப் பொருத்திக்கொள்ளலாம். எல்லோருக்கும் பொருந்தும் சோதிடப் பலனுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. அதேவேளை, உண்மையிலேயே இந்தச் சிக்கலைச் சுமந்துகொண்டிருக்கும் பலர், மேடையில் தடையின்றிப் பேசுபவராகவோ ஒப்படைத்த வேலையைக் குறையில்லாமல் முடிப்பவராகவோ இருப்பதால் இந்தப் பட்டியலின் கண்ணில் படுவதே இல்லை.

குறிகளைத் தோற்றத்தில் தேடுவதுதான் இந்தத் தவறின் வேர். தன்னைப் பற்றி வெளியிலிருந்து ஒரு செய்தி, அது பாராட்டோ கண்டிப்போ தோல்வியோ அழைப்போ, வந்துசேரும்போது ஒருவர் அதை என்ன செய்கிறார் என்பதில்தான் தன்மதிப்பின் நிலை வெளிப்படுகிறது. ஏன் அப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

ஒன்றுக்கொன்று மாற்றிப் புழங்கும் சொற்கள்

தன்மதிப்பு என்பது, "மனிதன் என்ற முறையில் நான் எவ்வளவு பெறுமானம் உடையவன்" என்று ஒருவர் தமக்குத் தாமே இட்டுவைத்திருக்கும் ஒட்டுமொத்த மதிப்பீடு. தன்னம்பிக்கை செயல் சார்ந்தது: இந்தக் கணக்கை என்னால் போட முடியும், இந்த வண்டியை என்னால் ஓட்ட முடியும் என்ற உறுதி. இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அறுவை மேசையில் கை நடுங்காத மருத்துவர் ஒருவர், தம்மோடு பழகுபவர்கள் எல்லோரும் வேறு வழியின்றித்தான் பழகுகிறார்கள் என்று உள்ளூர நம்பிக்கொண்டிருக்கலாம். அவருக்குத் தன்னம்பிக்கை உண்டு, தன்மதிப்பு இல்லை.

தாழ்வு மனப்பான்மை என்ற தொடர் ஆஸ்திரிய மருத்துவர் ஆல்ஃபிரட் ஆட்லரின் சிந்தனை வழியே பரவியது. குழந்தைப் பருவத்தில் எல்லோருக்கும் இயல்பாக இருக்கும் தாழ்வுணர்வை ஈடுசெய்யும் முயற்சியே மனிதரை இயக்குகிறது என்றும், அந்த முயற்சி முடங்கிப்போகும்போது அது சிக்கலாகிறது என்றும் அவர் கருதினார். ஒப்பீடு அதன் மையம். தன்மதிப்புக் குறைவுக்கோ ஒப்பிட எதிரில் ஆளே தேவையில்லை. சுயமரியாதை என்ற சொல்லுக்குத் தமிழில் தனியொரு சமூக, அரசியல் வரலாறு உண்டு என்பதால் உளவியல் பொருளில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

தன்மதிப்பை ஒரு வாய்பாடாக முதலில் எழுதிக்காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ். 1890இல் வெளியான தம் நூலில், ஒருவர் அடைந்த வெற்றியை அவர் கொண்டிருக்கும் எதிர்பார்ப்பால் வகுத்தால் கிடைப்பதே தன்மதிப்பு என்றார். உளவியல் தெரிந்தவன் என்பதில் தன்னை முழுவதும் பணயம் வைத்திருப்பதால் இன்னொருவர் தன்னைவிட அதிக உளவியல் அறிந்திருந்தால் வெட்கமாக இருக்கிறது என்றும், கிரேக்க மொழி சுத்தமாகத் தெரியாததைப் பற்றிக் கவலையே இல்லை என்றும் அவர் எழுதினார். எல்லாத் தோல்வியும் தன்மதிப்பைத் தொடுவதில்லை, எதில் நம்மைப் பணயம் வைத்திருக்கிறோமோ அந்தத் தோல்விதான் தொடுகிறது என்பது இதிலிருந்து பெறப்படும் செய்தி. ஜெனிஃபர் குரோக்கரும் கோனி வுல்ஃபும் 2001இல் இதையே விரித்து, தன்மதிப்பு மாட்டித் தொங்கும் ஆணிகள் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்று விளக்கினார்கள்: ஒருவருக்குத் தோற்றம், இன்னொருவருக்குப் படிப்பு, மற்றொருவருக்குப் பிறர் தரும் ஒப்புதல். எனவே, ஒருவரிடம் காணும் குறி இன்னொருவரிடம் அப்படியே தென்படும் என்று எதிர்பார்ப்பது தவறு.

அளவுகோல் காட்டும் வியப்பு

இத்துறையில் இன்றும் மிகுதியாகப் பயன்படும் அளவுகோல், சமூகவியலாளர் மோரிஸ் ரோசன்பெர்க் 1965இல் வெளியிட்டது. நியூயார்க் மாநிலத்து உயர்நிலைப் பள்ளி மாணவர் 5,000க்கும் மேற்பட்டோரிடம் அவர் நடத்திய ஆய்வில் பிறந்த இதில் பத்துக் கூற்றுகள் உண்டு; ஐந்து நேர்மறை, ஐந்து எதிர்மறை. ஒவ்வொன்றுக்கும் முழுதும் உடன்படுவதில் தொடங்கி முற்றிலும் மறுப்பது வரை நான்கு விடைகள். வழக்கமான முறையில் கூட்டினால் மொத்தம் 0 முதல் 30 வரை வரும்.

இந்த எண்களில் ஒரு வியப்பு இருக்கிறது. தன்மதிப்புக் குறைந்தவர்கள் "நான் எதற்கும் உதவாதவன்" என்று அடித்துச் சொல்வார்கள் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். ஆய்வுகளில் 'குறைந்த தன்மதிப்பு' என்று பிரிக்கப்படுவோரில் பெரும்பாலோர் அளவுகோலின் அடியில் இல்லை, நடுவில்தான் இருக்கிறார்கள். 53 நாடுகளில் இந்த அளவுகோலைப் பயன்படுத்தி 2005இல் வெளியான ஆய்வில் எல்லா நாடுகளின் சராசரியும் நடுப்புள்ளிக்கு மேலேயே இருந்தது. மற்றவர்கள் தங்களை நல்லவிதமாகவே மதிப்பிட்டுக்கொள்ளும்போது, "ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை" என்று நடுவில் நிற்பவர்களே குறைந்தவர்கள் என்ற பெயரைப் பெறுகிறார்கள்.

கனடிய உளவியலாளர் ஜெனிஃபர் கேம்ப்பெல் 1990இல் வெளியிட்ட ஆய்வுகள் இதற்குப் பொருள் கற்பித்தன. தன்மதிப்புக் குறைந்தவர்களிடம் காணப்படுவது உறுதியான வெறுப்பு என்பதைவிடத் தெளிவின்மை என்பதே பொருத்தம். தம்மைப் பற்றிய கேள்விகளுக்கு விடை சொல்ல அவர்கள் அதிக நேரம் எடுக்கிறார்கள், உறுதி குறைவாகச் சொல்கிறார்கள், முன்னுக்குப் பின் முரணாகவும் சொல்கிறார்கள். நான் யார் என்பதற்கு உள்ளே நிலையான விடை இல்லாதவர் வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு செய்தியையும் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. என் பார்வையில், அறிகுறிகளைப் பற்றி அறிய விரும்புபவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளவேண்டிய கண்டுபிடிப்பு இதுதான்.

உள்ளே எப்படி இயங்குகிறது

பிரிட்டிஷ் மருத்துவ உளவியலாளர் மெலனி ஃபென்னல் 1997இல் முன்வைத்த மாதிரி, சிகிச்சையாளர்களிடையே பரவலாகப் புழங்குகிறது. அதன் வரிசையைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்:

1. தொடக்க அனுபவங்கள், குறிப்பாகத் தொடர்ந்த கண்டனம், புறக்கணிப்பு, கேலி ஆகியவை, ஒரு அடிப்படை முடிவை உருவாக்குகின்றன: "நான் போதாதவன்", "என்னை யாருக்கும் பிடிக்காது" என்பன போன்றவை.
2. அந்த முடிவோடு வாழ்ந்தாகவேண்டும் என்பதால் அதைச் சுற்றிச் சில விதிகள் எழுகின்றன: "யாரையும் அதிருப்திப்படுத்தாதிருந்தால் என்னைப் பொறுத்துக்கொள்வார்கள்", "எதிலும் தவறே வராவிட்டால் யாருக்கும் தெரியாது".
3. விதி உடையும் தறுவாய் வரும்போது, அதாவது ஒரு தேர்வோ புதிய உறவோ கண்டிப்போ எதிர்ப்படும்போது, அச்சம் எழுகிறது; ஒதுங்குதல், அளவுக்கு மீறி ஆயத்தம் செய்தல் போன்ற தற்காப்புகள் வருகின்றன.
4. தற்காப்பு பலித்தால் வெற்றி தற்காப்பின் கணக்கில் சேர்கிறது. பலிக்காவிட்டால் அடிப்படை முடிவு மெய்ப்பிக்கப்பட்டதாகிறது.

நான்காம் படியைக் கவனிக்கவேண்டும். எது நடந்தாலும் அடிப்படை முடிவுக்குச் சேதம் வருவதில்லை. ஆண்டுக்கணக்கில் வெற்றிகள் குவிந்தும் தன்மதிப்பு உயராதவர்களை இந்தப் படிதான் விளக்குகிறது. நமக்கு வெளியே தெரிவது இரண்டாம், மூன்றாம் படிகள் மட்டுமே. முதல் படியைச் சம்பந்தப்பட்டவரே சொற்களாகச் சொல்லிப் பார்த்திருக்கமாட்டார். எனவே அறிகுறி என்று நாம் அழைப்பவை பெரும்பாலும் தற்காப்பு முறைகளே.

அறிகுறிகள்

1. பாராட்டைக் கையாளும் விதம். பாராட்டப்பட்டவுடன் நாணுவது இயல்பு. கவனிக்கவேண்டியது, பாராட்டு எங்கே போய்ச் சேர்கிறது என்பது. "நேரம் நன்றாக இருந்தது", "கேள்விகள் எளிதாக இருந்தன", "மனம் நோகக்கூடாதென்று சொல்கிறார்" என்று ஒவ்வொரு முறையும் வேறு கணக்கில் வரவு வைக்கப்படுகிறதென்றால், அது அடக்கம் இல்லை. சிலரிடம் பாராட்டு மகிழ்ச்சிக்குப் பதில் பதற்றத்தையே தருகிறது. அடுத்த முறையும் இதே அளவுக்குச் செய்தாகவேண்டுமே என்ற கடனாக அது மாறிவிடுகிறது.

2. தவறுக்கும் தனக்கும் இடையிலான தூரம். "இந்த அறிக்கையில் ஒரு பிழை செய்துவிட்டேன்" என்பதும் "நான் எப்போதுமே இப்படித்தான்" என்பதும் வெவ்வேறு வாக்கியங்கள். முதலாவது ஒரு செயலைப் பேசுகிறது. இரண்டாவது ஓர் ஆளுக்குத் தீர்ப்பு எழுதுகிறது. 'எப்போதும்', 'எதிலும்', 'ஒருபோதும்' ஆகிய சொற்கள் ஒருவர் தம்மைப் பற்றிப் பேசும்போது மட்டும் கூடுதலாக வந்து, பிறரைப் பற்றிப் பேசும்போது காணாமல் போனால் அது வலுவான குறி. நண்பர் செய்த அதே பிழைக்கு இவர் சொல்லும் ஆறுதலைத் தமக்குச் சொல்லிக்கொள்ள முடிகிறதா என்று பார்த்தாலே வேறுபாடு தெரியும்.

3. தோல்விக்கு முன்கூட்டியே காரணம் தேடிவைப்பது. அறிகுறிகளில் அதிகம் தவறாகப் படிக்கப்படுவது இது. தேர்வுக்கு முந்தைய இரவு படிக்காமல் ஊர் சுற்றுபவரை நாம் சோம்பேறி என்கிறோம், அலட்சியக்காரர் என்கிறோம். ஸ்டீவன் பெர்க்ளாசும் எட்வர்ட் ஜோன்சும் 1978இல் வெளியிட்ட சோதனை வேறு விளக்கம் தருகிறது. ஒரு பிரிவினருக்குத் தீர்க்க முடியாத புதிர்கள் தரப்பட்டன. ஊகித்து விடையளித்த அவர்களிடம், சிறப்பாகச் செய்தீர்கள் என்று கூறப்பட்டது. அடுத்த சுற்றுக்கு முன் இரண்டு மருந்துகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: ஒன்று அறிவுத்திறனைக் கூட்டுவது, மற்றது குறைப்பது என்று சொல்லப்பட்டது. எப்படி வென்றோம் என்று தெரியாமல் வென்றவர்களில், குறிப்பாக ஆண்களில், பலர் திறனைக் குறைக்கும் மருந்தையே கேட்டார்கள். தோற்றால் மருந்தின் மீது பழி. வென்றால் மருந்தையும் மீறி வென்ற பெருமை. தனக்குத் தானே முட்டுக்கட்டை இடும் இந்தப் பழக்கம் தன்மதிப்புக் குறைவின் தனிச்சொத்து இல்லை என்றாலும், கடைசி நாள்வரை வேலையைத் தள்ளிப்போடும் ஒருவரிடம் 'முழுமுயற்சி செய்தும் தோற்றுவிட்டால் என்ன ஆவது' என்ற அச்சம் இருக்கிறதா என்று கேட்டுப்பார்ப்பது பயன் தரும்.

4. குறையே இல்லாமல் செய்யவேண்டும் என்ற கட்டாயம். மேலே சொன்னதன் மறுபக்கம். தரத்தில் அக்கறை கொண்டவர் வேலை முடிந்தால் நிறைவடைவார். இவரோ வேலை முடிந்தால் தப்பித்தோம் என்று மட்டுமே உணர்வார்.

5. விருப்பத்தைச் சொல்ல இயலாமை. "உங்கள் இஷ்டம்", "எனக்கு எதுவானாலும் சரி" என்பவை நாகரிகத்துக்காகவும் சொல்லப்படும். சிறிய விஷயங்களில்கூடத் தம் விருப்பம் இன்னது என்று ஒருவருக்குத் தெரியவே இல்லையென்றால், அல்லது உதவி கேட்பதைவிடக் கூடுதலாகத் துன்பப்படுவதே மேல் என்று அவர் நினைத்தால், அங்கே கணக்கு வேறு.

6. உறவில் சோதித்துக்கொண்டே இருப்பது. மறுமொழி வரத் தாமதமானால் கைவிடப்பட்டதாக உணர்வது, அன்பைத் திரும்பத் திரும்ப உறுதிசெய்யச் சொல்வது, உறுதிசெய்தபின் அதை நம்பாமல் இருப்பது. மார்க் லியரியும் சக ஆய்வாளர்களும் 1995இல் முன்வைத்த கருத்தின்படி, தன்மதிப்பு என்பது பிறர் நம்மை எவ்வளவு ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை அளக்கும் உள்மானி. மானியின் முள் எப்போதும் தாழ்ந்தே இருந்தால், இல்லாத புறக்கணிப்பையும் அது காட்டும். இதைவிடப் புதிரானது வில்லியம் ஸ்வான் கண்டது: தம்மைப் பற்றித் தாழ்வான எண்ணம் கொண்டவர்கள், தம்மைத் தாழ்வாக மதிப்பிடும் வாழ்க்கைத் துணையிடமே அதிகப் பிடிப்போடு இருந்தார்கள் என்று 1992இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். உயர்த்திப் பேசுபவர் தம்மை அறியாதவராகத் தோன்றுகிறார். தாழ்த்திப் பேசுபவர் 'உண்மை அறிந்தவர்' ஆகிவிடுகிறார். மதிக்காத உறவில் ஒருவர் ஏன் தங்குகிறார் என்ற கேள்விக்கு இது ஒரு பகுதி விடை மட்டுமே. பணம், பாதுகாப்பு, அச்சுறுத்தல் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றுக்கும் மனத்தையே காரணமாக்குவது அநியாயம்.

அறிகுறி போலத் தோன்றி ஏமாற்றுபவை

கூச்சமும் அமைதியும் சுபாவங்கள். தனிமையை விரும்பும் ஒருவர் தம்மை உயர்வாகவே மதித்துக்கொண்டு தனியாக இருக்கலாம். பணிவும் அப்படியே: பணிவுள்ளவர் தம் திறமையை அறிந்தே அடக்கி வாசிக்கிறார். "எனக்குப் பாட வராது" என்று சொல்வது, பாட வராதவர் வாயில், வெறும் உண்மை. இழப்புக்குப் பின்னும் வேலை போன பின்னும் சில வாரங்கள் தன்னைப் பற்றிய எண்ணம் தாழ்ந்திருப்பது சூழலுக்கு உரிய எதிர்வினை. மானி வேலை செய்கிறது என்று பொருள்.

தற்பெருமை பேசுபவர்கள் எல்லோரும் உள்ளே தாழ்வுணர்வை மறைக்கிறார்கள் என்ற பரவலான நம்பிக்கையையும் அப்படியே ஏற்க முடியாது. அப்படிச் சிலர் உண்டு. ஆனால் தம்மை மெய்யாகவே உயர்ந்தவராக நம்பிப் பெருமை பேசுபவர்களும் உண்டு. பருவ வயதினர் என்றாலே தன்மதிப்புச் சரியும் என்பதும் இன்னொரு பொதுநம்பிக்கை. உல்ரிஷ் ஓர்த்தும் உடன் ஆய்வாளர்களும், ஒரே ஆட்களைத் தொடர்ந்து கவனிக்கும் நெடுநாள் ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட முடிவின்படி, 11 முதல் 15 வயது வரை சராசரித் தன்மதிப்பு ஏறத்தாழ நிலையாக இருக்கிறது; பிறகு உயர்ந்து 60 வயதையொட்டி உச்சம் தொடுகிறது. சராசரி நிலையாக இருக்கையில் தனிப்பட்ட ஒரு சிறுவன் சரிந்துகொண்டிருந்தால், 'வயது அப்படி' என்று தள்ளிவிடுவது அவனுக்கு உதவாது.

ஆகவே, ஒரு குறியை வைத்து முடிவு செய்யக்கூடாது. வெவ்வேறு சூழல்களில், பல மாதங்களாக, ஒரே திசையில் செய்தி திரிக்கப்படுகிறதா என்பதே கேள்வி.

மனச்சோர்வு நோயோடு உள்ள எல்லை

தன்மதிப்புக் குறைவு ஒரு நோயின் பெயர் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் அது தனி நோயாக இடம்பெறவில்லை. ஆனால் தான் பயனற்றவர் என்ற உணர்வு, மனச்சோர்வு நோய்க்கு அக்கையேடு தரும் ஒன்பது அறிகுறிகளில் ஒன்று. அவற்றில் குறைந்தது ஐந்து அறிகுறிகள் இரண்டு வாரமேனும் தொடர வேண்டும். தாழ்ந்த மனநிலை, ஆர்வமிழப்பு ஆகிய இரண்டில் ஒன்றேனும் அவற்றுள் இருக்கவேண்டும் என்பது நோயறியும் விதி.

எது முதலில் வருகிறது? ஜூலியா சோவிஸ்லோவும் ஓர்த்தும் 2013இல் நெடுநாள் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குறைந்த தன்மதிப்பு பின்னாளைய மனச்சோர்வை முன்னறிவிக்கும் அளவு, மனச்சோர்வு பின்னாளைய தன்மதிப்பை முன்னறிவிக்கும் அளவைவிடக் கூடுதலாக இருந்தது. உறக்கம், பசி, செயலூக்கம் ஆகியவையும் சேர்ந்து மாறினால் பட்டியல்களை விட்டுவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்கவேண்டும். வாழ்ந்து பயனில்லை என்ற பேச்சு எழுந்தால் அன்றே உதவி தேடவேண்டும். அதை ஆளுமைக் குணம் என்று எண்ணிக் காத்திருக்கக்கூடாது.

பாராட்டால் ஏன் தீர்வதில்லை

தன்மதிப்பை உயர்த்திவிட்டால் சமூகச் சிக்கல்கள் பலவும் குறையும் என்ற நம்பிக்கையில் கலிஃபோர்னியா மாநிலம் 1986இல் ஒரு பணிக்குழுவையே அமைத்தது; சட்டமன்ற உறுப்பினர் ஜான் வாஸ்கான்செலோஸ் அதன் பின்னிருந்த உந்துசக்தி. குழுவின் அறிக்கை 1990இல் வந்தது. பள்ளிகளில் பாராட்டு மழை பொழிந்த காலம் அது. ராய் பாமைஸ்டரும் மூவரும் 2003இல் ஆய்வுகளை அலசியபோது, உயர்ந்த தன்மதிப்பு நல்ல மதிப்பெண்ணுக்குக் காரணம் என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. நன்றாகப் படிப்பதால் தன்மதிப்பு உயர்வதும் உண்டு. மகிழ்ச்சியோடு தன்மதிப்புக்குத் தெளிவான தொடர்பு இருந்தது.

நெதர்லாந்தில் எட்டி புரூம்மெல்மனும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் வான் கோவின் காட்டு ரோஜா ஓவியத்தைப் பார்த்து வரைந்தார்கள். சிலருக்கு "அழகாக வரைந்திருக்கிறாய்" என்றும், சிலருக்கு "நம்பவே முடியாத அளவு அழகு" என்ற தோரணையிலும் குறிப்பு எழுதித் தரப்பட்டது. அடுத்து எதை வரையலாம் என்று தேர்ந்தெடுக்கும்போது, மிகைப்பாராட்டுப் பெற்ற தன்மதிப்புக் குறைந்த குழந்தைகள் எளிய படங்களின் பக்கம் ஒதுங்கினார்கள். பாராட்டின் உயரம் அவர்களுக்கு விழக்கூடிய உயரமாகிவிட்டது. தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் நல்வாக்கியங்களுக்கும் இதே கதிதான்: ஜோன் வுட்டும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட சோதனையில், "நான் அன்புக்குரியவன்" என்று மணி ஒலிக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்ட தன்மதிப்புக் குறைந்தவர்கள், அப்படிச் சொல்லாதவர்களைவிட மோசமான மனநிலைக்கு ஆளானார்கள். நம்பாத வாக்கியம் உள்ளே ஓர் எதிர்வாதத்தை எழுப்பிவிடுகிறது.

சிகிச்சையில் நடப்பது வேறு. ஃபென்னலின் மாதிரியைப் பின்பற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அடிப்படை முடிவை எதிர்த்து வாதாடுவதைவிட அதைச் சிறு சோதனைகளுக்கு உட்படுத்துகிறது. தவறே வரக்கூடாது என்ற விதியுடையவர், ஒருமுறை திரும்பத் திரும்பச் சரிபார்க்காமல் ஒரு கடிதத்தை அனுப்பிப் பார்க்கிறார். என்ன நடக்குமென்று முன்கூட்டியே எழுதிவைத்து, நடந்ததோடு ஒப்பிடுகிறார். தற்காப்பு இல்லாமல் கிடைத்த விளைவு என்பதால் அதைத் தற்காப்பின் கணக்கில் எழுத முடியாது.

அருகிலிருப்பவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. "அப்படியெல்லாம் இல்லை, நீ எவ்வளவு கெட்டிக்காரன்" என்று நாம் உடனே மறுக்கிறோம். டெனிஸ் மேரிகோல்டும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், தன்மதிப்புக் குறைந்தவர்கள் இத்தகைய மறுவிளக்க ஆறுதலை ஏற்கவில்லை. தம் வருத்தம் இயல்பானதே என்று ஒப்புக்கொள்ளும் பேச்சையே ஏற்றார்கள். ஆறுதல் எடுபடாததைக் கண்டு சொன்னவர்களும் சோர்ந்தார்கள். "அந்தக் கூட்டத்தில் அப்படி நடந்தது சங்கடமாகத்தான் இருந்திருக்கும்" என்று தொடங்கி, அவர் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, பாராட்டவேண்டியது ஏதேனும் இருந்தால் அதைக் குறிப்பிட்ட ஒரு செயலோடு கட்டிச் சொல்வது நல்லது. "நீ கெட்டிக்காரன்" என்பதை அவர் மறுத்துவிடலாம். "நேற்று அந்த மூன்றாம் பக்கப் பிழையைக் கண்டுபிடித்தது நீதான்" என்பதை மறுப்பது அவ்வளவு எளிதில்லை.